ஹாரன் அண்ணனின் எடை

டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். ஆள் நடமாட்டமே இல்லாத சாலையிலும், திருப்பம் வந்தால் இரண்டு தடவை ஹாரன் அடிக்காமல் அவர் வண்டியைத் திருப்பியதில்லை. "எதிர்ல வர்றவனுக்காக இல்லடா, எனக்காக அடிக்கிறேன். நான் முழிச்சிருக்கேன்னு எனக்கே தெரிய வேணாமா?" என்பார். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினார். நாற்பத்தெட்டு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட, நிர்வாகம் அவரிடமிருந்து ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு மைக்கைக் கொடுத்தது. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று டிப்போவின் நேர அறைக்குள் உட்கார்ந்து அறிவிக்கிற வேலை. பெயருக்கு ஏற்ற வேலை என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து, சீருடையைக் கழற்றாமல் ரொம்ப நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்ததைத் தங்கை மட்டும் பார்த்தாள்.

வீட்டில் அவர்கள் இருவர்தான். அண்ணனுக்கு நடந்த கல்யாணம் நாலே வருஷத்தில், சண்டைகூட இல்லாமல், முடிந்துபோனது. தங்கைக்கு நடக்கவேண்டியது தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒருநாள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பழைய பேப்பர் கடைக்கு மேலே இரண்டு அறை. அவளுக்கு நாற்பத்து மூன்று வயதாகியும் அவர் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் தெருமுனையிலிருந்து. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸ் சட்டத்துக்குள் உட்காராது. அந்தக் கை அவளுக்கு. அண்ணனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அதை அளந்து வைத்ததும் அந்தக் கைதான்.

அரை லிட்டர் என்றால் எல்லாம் சேர்த்து. காலை டீ, மாத்திரை விழுங்கும் மடக்கு, வாய் கொப்பளிக்கும்போது தெரியாமல் உள்ளே போவது வரை. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடித்த தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. உள்ளேயே தங்கும். வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் மெஷின் அதை உறிஞ்சி எடுக்கவேண்டும். எடுக்காமல் விட்டால் காலில் இறங்கும், பிறகு வயிற்றில், கடைசியில் நுரையீரலில். மூன்று தடவை எடுத்தால் நல்லது என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் அவர் போகிற தர்ம வார்டில் நாலு மெஷின் இருந்ததில் ஒன்று எட்டு மாதமாகப் படுத்துவிட்டது. மூன்றை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டுதான் தேறும். திங்கள், வியாழன். வியாழனிலிருந்து திங்கள்வரை நாலு நாள் அந்த உடம்பு குடித்ததையெல்லாம் சுமந்துகொண்டிருக்க வேண்டும்.

விளையாட்டு ஆரம்பித்தது டிப்போ ஓய்வறையில். அவரோடு பதினோரு வருஷம் ஒரே வண்டியில் போன கண்டக்டர், அவர் பாட்டிலைத் திறந்து உதட்டை நனைத்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா, சென்ட் போட்டுக்கிறீங்களா?"

"நீ ஒரு நாள் இப்படி இருந்து காட்டுடா பாக்கலாம்."

"ஒரு நாள்தானே? ஊதித் தள்ளிருவேன்."

மறுநாள் காலை கண்டக்டர் கையில் ஒரு அரை லிட்டர் பாட்டில் கொடுக்கப்பட்டது. எட்டரைக்குப் பாதி காலி. பத்தரைக்குச் சொட்டு இல்லை. பதினொன்றே காலுக்கு டிப்போ முழுக்க ஒலிபெருக்கி அலறியது. "பயணிகள் கவனத்திற்கு. பட்டறைக்குப் பின்னாடி குழாயில் வாயை வச்சிருக்கும் கண்டக்டர், வாயை எடுத்துட்டு உடனே நேர அறைக்கு வரவும்." ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டார் ஹாரன். பக்கத்திலிருந்த ஒரு டிரைவர் அதைப் படம் பிடித்துவிட்டார். வாயிலிருந்து தண்ணீர் ஒழுக, திருட்டு முழியோடு கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் பத்து டிப்போ சுற்றி வந்துவிட்டது.

தோற்றதற்கு அபராதம் கட்டியே ஆகவேண்டும் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எதற்குக் கட்டுவது என்று கேள்வி வந்தபோது அண்ணன் கொஞ்சம் யோசித்து, "எங்க வார்டுல ஒரு மெஷின் செத்துக் கிடக்கு. அதுக்குக் கட்டு" என்றார்.

அப்படித்தான் 'ஒரு பாட்டில் நாள்' பிறந்தது. சட்டதிட்டம் எல்லாம் அண்ணனே வகுத்தார். எழுந்ததிலிருந்து படுக்கிற வரை ஒரே அரை லிட்டர். டீயும் கணக்கு. தோற்றால் வார்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு மூன்று பேரை இழுத்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், வெயிலில் வேலை செய்பவர்கள், சீக்காளிகள் விளையாடக் கூடாது. அவர் சொல்லச் சொல்லக் கண்டக்டர் போனில் வீடியோ பிடித்து ஊருக்கே அனுப்பினான்.

"சரி, ஜெயிச்சா என்னண்ணே கிடைக்கும்?"

"தாகம்."

அந்த ஒரு வார்த்தை அவரை எங்கெங்கோ கொண்டுபோனது. யார் யாரோ பாட்டிலோடு முகத்தைக் காட்டினார்கள். ஒரு தலைமை ஆசிரியர் காலை எட்டு மணிக்கே தோற்றுப்போய், மாணவர்களிடம் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினார். ஒரு ஜிம் மாஸ்டர் கைத்தசையைக் காட்டிச் சவால் விட்டு, மத்தியானம் வாளியோடு மாட்டிக்கொண்டார். ஒரு பெண் ஒன்பது நாள் தொடர்ந்து தோற்றாள். ஒன்பது நாளும் பணம் அனுப்பி, "நாளைக்குப் பாருங்க" என்று எழுதினாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அண்ணனும் தங்கையும் கட்டிலில் சாய்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஜெயித்தவர்களைத் தள்ளிவிட்டுத் தோற்றவர்களைத்தான் அவர் தேடுவார். "இவங்கதான் பாப்பா மனுஷங்க" என்பார். நோய் வந்த இந்த மூன்று வருஷத்தில் அவர் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நாலாவது மெஷின் வந்துவிட்டால் வாரம் மூன்று தடவை. மூன்று தடவை என்றால் இன்னும் எத்தனையோ வருஷம். அவள் மனசுக்குள் அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கோளாறு மெல்லத்தான் வந்தது. முகம் தெரிந்த மனிதராகிவிட்டார் அண்ணன். டீக்கடையில் அவர் கிளாஸை எடுத்தால், பின்னாலிருந்து ஒரு குரல்: "ஹாரன் அண்ணே, பாதிதான், பாதிதான்! பாத்துக்கிட்டே இருக்கோம்!" எல்லோரும் சிரிப்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவரும் சல்யூட் அடித்து, பாதியை வைத்துவிட்டு வருவார். பஸ்ஸில் ஏறினால் பாட்டிலைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முன்பெல்லாம் தாகம் தாங்காத நாளில் வீட்டுக்கு வந்து, "பாப்பா, இன்னிக்கு ஒரு டம்ளர் கூடப் போச்சு, திட்டாதே" என்று சொல்லிவிடுவார். அவள் திட்டுவாள். திங்கட்கிழமை வார்டிலும் சொல்லிவிடுவார். அவர்கள் மெஷினில் அதையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதோடு போயிற்று. 'ஒரு பாட்டில் நாள்' வந்த பிறகு அவர் அப்படிச் சொல்வதே நின்றுவிட்டது. அவளும் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஒரு பெரிய கடையின் திறப்பு விழாவுக்கு அவரை அழைத்துப்போனார்கள். மேடையில் மூன்று மணி நேரம், தலைக்கு மேல் விளக்கு, கையில் நிறைந்த பாட்டில், திறக்கக் கூடாது. இறங்கியதும் அவர் கைகழுவும் இடத்துக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார் என்றும், வெளியே வர ரொம்ப நேரமாயிற்று என்றும், வந்தபோது சட்டை முன்புறம் நனைந்திருந்தது என்றும் கண்டக்டர் அவளிடம் சொன்னான். சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

வார்டில் ஒரு டெக்னீஷியன். முப்பது வயதிருக்கும். மூன்று மெஷின், பதினாறு நோயாளிகள், ஒற்றை ஆள். காலை ஆறு மணிக்கு வந்தால் சாப்பிடுவது எந்நேரம் என்று அவனுக்கே தெரியாது. நல்லவன். இந்த விளையாட்டு அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. நோயாளிகளும் உற்சாகமாக இருக்கட்டுமே என்று சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினான். ஒவ்வொரு தடவையும் வரும்போது யாருக்கு எடை குறைவாக ஏறியிருக்கிறதோ, அதாவது யார் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்களோ, அவர் பெயர் மேலே. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். முதல் வாரம் டெய்லர் அக்கா. அறுபது வயது, வாயில் எப்போதும் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர். இரண்டாம் வாரமும் டெய்லர் அக்காதான்.

"என்ன ஹாரன், ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறீங்க, இங்க மூணாவது எடத்துல நிக்கிறீங்க?" என்றார் டெய்லர் அக்கா.

"பஸ்ஸுன்னா கொஞ்சம் லேட்டாத்தான் வரும்க்கா" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன்னால், அவர் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, எப்போதும் கூட வரும் தங்கையிடம் நீட்டினார். டிப்போ சாவிகளெல்லாம் கோத்த பெரிய கொத்து. "இதைக் கொஞ்சம் வச்சுக்க பாப்பா, குத்துது." அவள் வாங்கித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அடுத்த தடவை போனும், அதற்குச் சார்ஜ் ஏற்றும் கட்டைபோன்ற பேட்டரியும். அதற்கடுத்த வாரம் பித்தளைக் கொக்கி போட்ட பெல்ட். பிறகு ஷூ. டிரைவர் வேலை போயும் அவர் விடாத, அடியில் லாடம் வைத்த கனத்த ஷூ. "கடிக்குது" என்றார். அது உண்மையும்கூட. கால் வீங்கியிருந்தது.

"விமானம் ஏறப்போறவன் மாதிரி இருக்கேன்ல?" என்று, வெறுங்காலோடு நின்றுகொண்டு, கையை அகல விரித்துக் காட்டினார். அவள் சிரித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் நாள் எடை பார்த்தபோது, அவர் டிப்போவிலிருந்து நேராக வந்திருந்தார். ஷூ, பெல்ட், சாவி எல்லாவற்றோடும் சேர்த்து, தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு அறுபத்தொரு கிலோ. "எப்பவும் இதே மாதிரியே வாங்கண்ணே, அப்பதான் கணக்கு சரியா இருக்கும்" என்று சொல்லி, அந்த அறுபத்தொன்றைத்தான் டெக்னீஷியன் ஏட்டில் எழுதியிருந்தான். மெஷின் ஒவ்வொரு தடவையும் அவரை அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். இப்போது சாமானெல்லாம் தங்கையின் தோளில். எண் அதேதான். சாமான் விட்ட இடத்தில் தண்ணீர் நின்றுகொண்டது. இதையெல்லாம் அவள் பிற்பாடுதான் யோசித்தாள். அன்று காதில் விழுந்தது டெக்னீஷியனின் குரல் மட்டும்தான்.

"அண்ணே! ஒண்ணரை கிலோதான் ஏறியிருக்கு! எல்லாரும் ஹாரன் அண்ணனுக்கு ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். டெய்லர் அக்காவும் தட்டினார். பலகையில் அவர் பெயர் மேலே ஏறியது. நட்சத்திரத்தை அவரே போட்டுக்கொண்டார், கொஞ்சம் கோணலாக.

அந்த மாதம் அவர் தலையணைமேல் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்க ஆரம்பித்தார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். அவள் கேட்டாள். தண்ணி ஏதாவது கூடக் குடிச்சியா என்று, முகத்தைப் பார்த்தே கேட்டாள். "உன் பாட்டில் உன் கண் முன்னாடிதானே இருக்கு, அளந்து பாரு" என்றார். அளந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. வீட்டுப் பாட்டில் எப்போதும் சரியாகத்தான் இருந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்றபோது, "இன்னும் கொஞ்ச நாள்ல மெஷின் வந்துரும் பாப்பா, மூணு தடவை ஆயிட்டா எல்லாம் வடிஞ்சிரும். இப்ப போயி அந்தப் பலகையைக் கெடுக்கணுமா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். பலகையைக் கெடுப்பது என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என்று இன்று வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. வியாழனுக்குப் பிறகு மூன்றாவது நாள். மத்தியானம் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். மத்தியான டூட்டிக்குக் கிளம்பி, பெல்ட், சாவி, போன், பேட்டரி எல்லாவற்றோடும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ஓடும் வண்டியில் நிற்பவர் போலக் காலை அகட்டி வைத்திருந்தார். இருமினார். வாயோரம் நுரை, அதில் லேசான சிவப்பு. "என்னண்ணே, என்னண்ணே" என்று தட்டை எங்கே வைத்தாள் என்றே தெரியாமல் ஓடினாள். அவரால் பேச முடியவில்லை. பேப்பர் கடைக்காரரும் அவளுமாக இருபக்கமும் தாங்கிப் படி இறக்கினார்கள். இறங்கும்போதும் ஷூவைக் காட்டினார், வேண்டும் என்று. அவள் போட்டுவிட முயன்றாள். கால் உள்ளே போகவில்லை. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே நடந்தார்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்ததும் நிமிர்ந்தார்.

"கடைசியா எடை எவ்வளவு ஏறியிருந்துச்சு?"

"ஒண்ணரைதான் டாக்டர். அவர்தான் எங்க வார்டுலயே கம்மி."

"யாரும்மா சொன்னது? ஆறு கிலோவாவது கூட இருக்கும். நுரையீரல் முழுக்கத் தண்ணி."

அவள் இல்லை என்றாள். நானே பார்த்தேன் என்றாள். எண்ணைக்கூடச் சொன்னாள். டாக்டரம்மா ஆக்சிஜனுக்குக் குரல் கொடுத்தார். அவர்கள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நாலு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு ஊழியர் வந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அண்ணனின் சாமான்கள். ஷூ, பெல்ட், சாவி, போன், பேட்டரி. அவள் கவரை வாங்கினாள். வாங்கியதும் கை நின்றுவிட்டது. அந்தக் கனம் அவள் தோளுக்குத் தெரிந்த கனம். திங்கள், வியாழன், திங்கள், வியாழன் என்று அவள் சுமந்த கனம். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழே வைக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. "அழுதுரும்மா" என்று யாரோ சொன்னார்கள். அழுகை வரவில்லை.

எல்லாக் காரியமும் முடிந்து மூன்றாம் நாள், கீழே பேப்பர் கடைக்காரரிடம் கவரைக் கொடுத்துத் தராசில் வைக்கச் சொன்னாள். என்ன ஏது என்று கேட்காமல் அவர் வைத்தார். இரண்டு கிலோ முந்நூறு.

கண்டக்டர் வந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அண்ணன் பெயரில் ஒரு வாரம் பெரிதாக 'ஒரு பாட்டில் நாள்' நடத்துவது என்று டிப்போவில் முடிவு செய்திருந்தார்கள். மெஷினுக்குக் கொஞ்சம்தான் குறைகிறது. அண்ணன் படம் போட்டால் ஒரே வாரத்தில் தேறிவிடும். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தராசு விஷயத்தைச் சொன்னாள். அவன் கைகழுவும் இடத்துக் கதையைச் சொன்னான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"வெளிய சொல்ல வேணாம்க்கா" என்றான் கடைசியில். "செத்த மனுஷனைப் பொய்யன்னு சொல்லிருவாங்க. எல்லாரையும் விளையாட வச்சுட்டுத் தான் மட்டும் ஏமாத்துனான்னு எழுதுவானுங்க. உங்களுக்குத் தெரியாது, போன்ல எழுதுறவனுக்கு நாக்குல நரம்பே கிடையாது."

"வார்டுல பலகை இன்னும் மாட்டியிருக்குல்ல?"

"எந்தப் பலகை?"

அவள் எழுந்து புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். வியாழக்கிழமை. கண்டக்டரும் கூடவே வந்தான்.

வார்டில் மருந்து வாசனை, மெஷின்கள் சுற்றும் சத்தம், கட்டிலுக்கு அடியில் வரிசையாகச் செருப்புகள். பலகையில் அண்ணன் பெயர்தான் மேலே இருந்தது. டெக்னீஷியன் அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்து நின்றான். "அக்கா… நல்லாத்தானேக்கா இருந்தாரு. ஒண்ணரைதானே ஏறியிருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே புரியலக்கா" என்றான். நாலு நாளாகத் தன்னையே குடைந்துகொண்டிருந்த முகம்.

அவள் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "அவரு ஏமாத்திட்டாரு தம்பி" என்றாள். "நான் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

சொன்னாள். சாவி, போன், பெல்ட், ஷூ, எந்தெந்த வாரம் எது என்பது வரை சொன்னாள். இரண்டு கிலோ முந்நூறு என்பதை இரண்டு தடவை சொன்னாள். மெஷினோடு கட்டப்பட்டிருந்த இரண்டு பேரும், பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வாசலில் தலைகுனிந்து நின்றான்.

"யாரும் அவரைத் திட்டாதீங்க" என்றாள். "திட்டினாலும் பரவால்ல. ஆனா உங்கள்ல யாராவது…" எடை மெஷினைக் கையால் காட்டினாள்.

டெக்னீஷியன் பலகையைப் பார்த்தான். "நான் விளையாட்டா மாட்டினேன்க்கா" என்றான். பெஞ்சில் ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் ஜன்னலைப் பார்த்தார்.

டெய்லர் அக்கா அப்போதுதான் கட்டிலில் ஏறி, கையை நீட்டி வைத்திருந்தார். டெக்னீஷியன் ஊசியை எடுத்தபோது கையை இழுத்துக்கொண்டார். வாயிலிருந்த குண்டூசியை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டார்.

"இரு தம்பி. குத்தாதே. இன்னொரு தடவை எடை போடு."

"இப்பதானேக்கா போட்டோம்?"

"போட்டே. நீ எண்ணைத்தான் பாத்தே, நான் சுவத்துல கை ஊனிக்கிட்டு நின்னதைப் பாக்கலை."

அவர் மெல்ல இறங்கி, எடை மெஷினில் ஏறி, இரண்டு கையையும் முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு நின்றார், தப்பு செய்த பிள்ளை மாதிரி. எண் ஓடி நின்றது. முதலில் எழுதியதைவிட ஒரு கிலோ அறுநூறு கூட. டெக்னீஷியன் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினான். பெஞ்சிலிருந்து, சற்று முன் ஜன்னலைப் பார்த்தவர், எழுந்து வந்து டெய்லர் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

கண்டக்டர் அவள் பக்கத்தில் வந்தான். "போட்டியை என்னக்கா பண்றது?"

"நிறுத்திரு."

"மெஷினு? இன்னும் கொஞ்சம்தான்க்கா பாக்கி."

"கேளு. இத்தனை பேர் இருக்காங்க, மூணு மெஷின்தான் இருக்கு, கொடுங்கன்னு கேளு. அண்ணன் எப்படிச் செத்தாருன்னும் சொல்லு. கொடுக்கிறவங்க கொடுக்கட்டும்."

"பொய்யன்னு…"

"தோத்துட்டாருன்னு சொல்லுடா. அதானே உங்க விளையாட்டுல மரியாதை."

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ரொம்ப நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

அவள் புறப்பட்டாள். கடைக்குப் போகவேண்டும், நாலு நாள் லென்ஸ் தேங்கிக் கிடக்கும். டெய்லர் அக்கா கட்டிலில் படுத்தபடி ஊசி குத்தாத கையால் கூப்பிட்டார்.

"போன மாசம் உங்கண்ணன் என்கிட்ட வந்து கேட்டாரும்மா. நீங்க மட்டும் எப்படிக்கா இவ்ளோ கம்மியா ஏத்துறீங்க, எனக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் குடுங்கன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாம் மனசுதான் தம்பின்னேன்."

மெஷினில் சக்கரம் சுற்றத் தொடங்கியிருந்தது.

"மனசுதான்னு சொன்னேன்மா" என்றார் அக்கா மறுபடியும். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்து தலையணையில் இறங்கியது. ஒரு கையில் குழாய், துடைக்க முடியவில்லை.

அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"கொஞ்சம் இரேன்மா. எனக்கு யாரும் கூட வரல. நாலு மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகணுமா உனக்கு?"

"போகணும்" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.